மைதானத்து ஓரம்: சிறிய அணிகளுக்கு ஒரு வாசல்

கால்பந்தாட்ட ரசிகர்களில் இரு வகையினர் உண்டு. வெல்லும் அணி எதுவோ அதன் பக்கம் நிற்போர் ஒரு வகையினர். பட்டியலின் அடியில் கிடக்கும் அணியின் பெயரைத் தேடிப் பிடித்து, அது இன்றைக்கு என்ன செய்தது என்று கவலையோடு பார்ப்போர் மற்றொரு வகையினர். முதல் வகையினருக்குப் பருவம் முழுவதும் தீபாவளிதான். இரண்டாம் வகையினருக்கோ ஆண்டில் ஒரு நாள் மகிழ்ச்சி வாய்த்தாலும் பெரிது. அந்த ஒரு நாள் பெரும்பாலும் பருவத்தின் கடைசியில், கோப்பைக்கான பந்தயங்கள் நடைபெறும் வேளையில்தான் வருகிறது. ஆனால் அது வர வேண்டுமானால், சிறிய அணி உள்ளே நுழைவதற்கு ஒரு வாசல் இருக்க வேண்டும். அந்த வாசலைப் பற்றியே இம்மாதம் நேயர்களோடு பேச விரும்புகிறேன்.

தில்லியில் வாழும் நமக்கு இதற்கு உதாரணம் தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. ஆசியாவிலேயே மிகப் பழமையான கால்பந்துப் போட்டியாகிய டூரண்ட் கோப்பை, பல பத்தாண்டுகள் இந்நகரத்தின் சொத்தாக இருந்தது. 1888-ம் ஆண்டில் சர் மார்டிமர் டூரண்ட் என்பவர் சிம்லாவில் இதைத் தொடங்கியபோது, அது வெள்ளைக்காரப் பட்டாளங்கள் தமக்குள் ஆடிக்கொண்ட ஆட்டமேயன்றி வேறில்லை. நம்மவர்களுக்கு அதில் இடமில்லை. காலப்போக்கில் வாசல் சிறிது சிறிதாகத் திறந்தது. 1940-ம் ஆண்டில் போட்டி தில்லிக்கு வந்தது. அந்த ஆண்டே கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம், ராயல் வார்விக்ஷயர் பட்டாளத்தை இரண்டுக்கு ஒன்று என்ற கோல் கணக்கில் வென்று, கோப்பையைக் கைப்பற்றிய முதல் இந்தியக் கழகம் என்ற பெருமையைப் பெற்றது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மூடிக் கிடந்த கதவு அது. அது நன்றாகத் திறந்த மாத்திரத்தில், இதுவரை வெளியே நிறுத்தப்பட்டவர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர் என்பது உலகுக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் நடந்தது தமிழர்களாகிய நாம் இன்னும் நினைவில் வைத்திருக்க வேண்டிய நிகழ்ச்சி. நீலகிரியில் குன்னூருக்கு அருகே உள்ளது வெல்லிங்டன். அங்குள்ள மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் என்ற பட்டாளப் பயிற்சி நிலையத்தின் அணி, 1955-ம் ஆண்டில் டூரண்ட் கோப்பையின் இறுதிப் பந்தயத்தில் இந்திய விமானப் படையை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றது. அதை அதிர்ஷ்டம் என்று சொல்லியிருக்கக் கூடியவர்களின் வாயை 1958-ம் ஆண்டு அடைத்தது. அவ்வாண்டு அதே அணி கூர்க்கா பிரிகேடை இரண்டு கோல்களுக்கு எதுவுமின்றி வென்று மீண்டும் கோப்பையைப் பெற்றது. இடையிலிருந்த இரண்டு ஆண்டுகளில் வென்றவர்கள் யாரெனில், 1956-ல் ஈஸ்ட் பெங்கால், 1957-ல் ஹைதராபாத் நகரப் போலீஸ். நாட்டின் கால்பந்துப் பேரரசர்கள் அவர்கள். அத்தகையோர் ஆண்ட நாளில், மலையடிவாரத்து ரயிலேறித் தில்லிக்கு வந்த சிப்பாய்களின் அணி நான்கு ஆண்டுகளில் இரு முறை கோப்பையை எடுத்துச் சென்றதென்றால், அது சிறிய காரியமா?

அந்த அணியின் கோலைக் காத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத் சமஸ்தானத்தில் பிறந்து, செகந்தராபாத்தின் சிறிய கழகங்களில் ஆடிப் பழகி, பிறகு பட்டாளத்தில் சேர்ந்தவர். பட்டாள அணியில் அவர் முதலில் முன்னணியில் நின்று கோல் போடுகிறவராகவே ஆடினார். பின்னரே கோலைக் காக்கும் வேலைக்கு மாறினார். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் அவர் இருந்தார். 1962-ல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை வென்று ஆசியத் தங்கப் பதக்கம் பெற்ற அணியிலும் இருந்தார். 1967-ல் அர்ஜுனா விருது அவரைத் தேடி வந்தது. சிறிய அணிக்கு வாசல் திறந்திருப்பதால் நாட்டுக்கு என்ன லாபம் என்று கேட்போருக்கு, தங்கராஜின் வாழ்க்கையே ஒரு விடை.

கோப்பைப் போட்டியில் சிறிய அணிக்கு இத்தகைய வாய்ப்பு ஏன் கிட்டுகிறது? காரணம் எளியது. லீக் என்பது நீண்ட வழி நடப்பது போன்றது. இருபது பந்தயங்கள் ஆட வேண்டும். ஒருவன் காலில் அடிபட்டால் அவனிடத்தில் நிற்க அதே தரத்தில் இன்னொருவன் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். சிறிய அணியிடம் நல்ல ஆட்டக்காரர்கள் பதினொருவர் இருக்கலாம், பன்னிரண்டாமவன் இருப்பதில்லை. தோற்றவர் வெளியேறும் கோப்பைப் போட்டியோ ஆறு ஏழு ஆட்டங்களில் முடிந்துவிடுகிறது. அந்தச் சில நாட்களுக்குப் பதினொருவரும் உடல் நலத்தோடு இருந்து, கோல் காப்பவனுக்கு ஒரு நல்ல நாள் அமைந்துவிட்டால் போதும், மலையும் மடுவாகும். ஆகவேதான் சிறிய அணிகளை விரும்பும் ரசிகன் லீக் பட்டியலை மரியாதையோடு பார்க்கிறான். கோப்பைப் பந்தயங்களையோ ஆசையோடு பார்க்கிறான்.

பிரான்ஸ் தேசத்தில் 2000-ம் ஆண்டு நடந்த கதை இதற்கு அழகான சான்று. கலே என்ற துறைமுக நகரத்தின் அணி, நான்காம் பிரிவில் ஆடிய ஓர் அமெச்சூர் அணி. வேறு தொழில் செய்து பிழைத்துக்கொண்டு, ஆட்டத்தை ஆசைக்காக ஆடியவர்கள். அவர்கள் ஒவ்வொரு படியாக ஏறித் தேசியக் கோப்பையின் இறுதிப் பந்தயம் வரை வந்துவிட்டார்கள். கடைசியில் நாந்த் அணியிடம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றார்கள். ஆனால் வெற்றி பெற்ற அணியின் தலைவர் லாந்த்ரோ, கலே அணியின் தலைவரையும் அழைத்துச் சென்று, இருவருமாகக் கோப்பையைத் தூக்கிக் காட்டினார். வென்றவன் தோற்றவனுக்குச் செய்யத்தக்க மரியாதை இதனினும் மேலானது எது?

இனி வாசல் மூடியிருந்தால் என்ன நேரும் என்பதைப் பார்ப்போம். இதற்கும் நம் நாட்டிலேயே, நம் தமிழ் மண்ணிலேயே உதாரணம் இருக்கிறது.

2018–19 பருவத்தில் ஐ-லீக் போட்டியில் சென்னை சிட்டி அணி ஆடியது. கோயம்புத்தூர் நேரு மைதானமே அதன் வீடு. சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த பெத்ரோ மான்சி முன்னணி வீரர். அவர் அந்தப் பருவத்தில் மட்டும் 21 கோல்கள் போட்டார். கடைசி நாளாகிய 2019 மார்ச் 9 அன்று நிலைமை எப்படி இருந்தது தெரியுமா? சென்னை சிட்டி வென்றால் சாம்பியன். தவறினால், கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் முந்திவிடும். கோவையில் மினர்வா பஞ்சாப் அணி முதல் கோலைப் போட்டுவிட்டது. பின்னர் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். தடுப்பாட்டக்காரரான கௌரவ் போரா இரண்டு கோல்கள் போட்டார். மூன்றுக்கு ஒன்று! சென்னை சிட்டிக்கு 43 புள்ளிகள். ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளியில் நாட்டின் பழம்பெரும் கழகம் ஒன்றைப் பின்னுக்குத் தள்ளிப் பட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது.

அதோடு நின்றதா? அடுத்த மாதமே புவனேசுவரத்தில் நடந்த சூப்பர் கோப்பையில் அதே அணி பெங்களூரு அணியைச் சந்தித்தது. பெங்களூரு அணியோ அவ்வாண்டு ஐ.எஸ்.எல். பட்டத்தைச் சூடிய அணி. அதையும் சென்னை சிட்டி இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. இவ்வளவு செய்த பிறகும், மேல் பிரிவாகக் கருதப்பட்ட ஐ.எஸ்.எல். போட்டியில் அடுத்த பருவம் ஆடும் உரிமை அந்த அணிக்குக் கிடைக்கவில்லை. ஏனெனில் அப்போது அங்கே ஏறிச் செல்ல வழியே வகுக்கப்படவில்லை. பட்டம் வென்றவனுக்குப் படி இல்லை! அடுத்து, கேரளத்தின் கோகுலம் அணி 2020–21, 2021–22 என்று இரண்டு பருவங்கள் தொடர்ந்து ஐ-லீக்கை வென்றது. அதற்கும் அதே கதிதான். 2022–23 பருவத்தின் சாம்பியனுக்கே முதன்முதலாக அந்த வாசல் திறந்தது. பஞ்சாப் அணி அதன் வழியாக மேலே போயிற்று. அடுத்த ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங் போயிற்று. கோயம்புத்தூரில் அன்று கை தட்டியவர்களுக்கு அந்தத் திறப்பு காலம் தாழ்ந்த திறப்பாகிவிட்டது.

இது நம் நாட்டின் குறை மட்டுமென்று யாரும் எண்ண வேண்டாம். நம் அன்பர்கள் பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். அங்கே கல்லூரி அணிகள் ஆடும் கால்பந்து, நாம் ஆடும் கால்பந்தன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி மோதும் ஆட்டம். ஆயினும் அங்குள்ள சிறிய கல்லூரிகளின் மனக்குறை நமக்கு நன்றாகப் புரியக் கூடியதே.

அங்கே ஒரு வேடிக்கை உண்டு. இரண்டாம் தரத்திலுள்ள சிறிய கல்லூரிகளுக்கு 1978-ம் ஆண்டு முதலே முறையான இறுதிச் சுற்றுப் போட்டி நடந்து வருகிறது. முதலில் நான்கு அணிகளோடு தொடங்கியது, 2013-ல் இருபத்து நான்கு அணிகள் வரை வளர்ந்தது. ஆனால் முதல் தரத்துப் பெரிய கல்லூரிகளுக்கோ 2014-ம் ஆண்டு வரை அத்தகைய போட்டியே இல்லை. பருவம் முடிந்ததும் அழைப்பின் பேரில் நடக்கும் பந்தயங்களும், வாக்களித்து வரிசைப்படுத்தும் பட்டியல்களும்தான். 2014-ல் நான்கு அணிகளுக்கு மட்டும் இடம் வைத்தார்கள். அந்த நால்வரைத் தேர்ந்தெடுப்பது மைதானமன்று, ஒரு குழு.

2017-ம் ஆண்டுப் பருவத்தில் மத்திய ஃபுளோரிடாப் பல்கலைக்கழக அணி ஒரு பந்தயத்திலும் தோற்கவில்லை. ஆயினும், பலம் குறைந்த வட்டாரத்தில் ஆடிய அணி என்று சொல்லிக் குழு அதை நால்வரில் சேர்க்கவில்லை. வேறொரு அழைப்புப் பந்தயத்தில் அது ஆபர்ன் அணியை 34-க்கு 27 என்று வென்றது. ஆபர்ன் யார்? அதே பருவத்தில் அலபாமாவையும் ஜார்ஜியாவையும் வென்ற அணி. பட்டத்துக்கான இறுதிப் பந்தயத்தில் மோதியவர்கள் யார்? அதே அலபாமாவும் ஜார்ஜியாவும்! பதின்மூன்று பந்தயங்களில் பதின்மூன்றையும் வென்ற அணி, வீதியில் நின்று உள்ளே நடக்கும் கல்யாணத்தின் நாதசுரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. அவ்வணியினர் தங்களையே சாம்பியன்கள் என்று அறிவித்து ஊர்வலம் விட்டுக்கொண்டதில் வியப்பென்ன? 2024-ம் ஆண்டுப் பருவத்திலிருந்து இடங்கள் பன்னிரண்டாயின. பெரிய வட்டாரங்களுக்கு வெளியிலிருந்தும் ஓர் அணியேனும் வருவதற்கு வழி பிறந்தது. முதல் ஆண்டில் அவ்வழியே வந்தது ஐடஹோ மாநிலத்தின் பாய்சி அணி.

இங்கே எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழுந்து நிற்பது எனக்குத் தெரிகிறது. "பாய்சி அணி வந்து என்ன கண்டது? முதல் பந்தயத்திலேயே பென் ஸ்டேட் அணியிடம் 31-க்கு 14 என்று தோற்றுத் திரும்பியதே! சின்ன அணிகளை உள்ளே விட்டால் கோல்கள் குவியும், பந்தயத்தில் சுவை இராது, பணம் கொடுத்துச் சீட்டு வாங்கியவன் ஏமாறுவான்" என்பது அவருடைய வாதம். வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. சிறிய அணி பெரிய அணியிடம் அடிபடும் நாட்களே மிகுதி. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் அவருக்கு 2025-ம் ஆண்டு டூரண்ட் கோப்பையை நினைவூட்ட விரும்புகிறேன். டயமண்ட் ஹார்பர் என்பது வங்காளத்தில் 2022-ம் ஆண்டில்தான் தோன்றிய கழகம். முதற்சுற்றில் அது மோகன் பகானிடம் ஐந்துக்கு ஒன்று என்று தோற்றது. அன்றே வாசலை மூடியிருந்தால், எதிர்க்கட்சிக்காரர் சொன்னதே சரியென்று ஆகியிருக்கும். ஆனால் அந்த அணி கால் இறுதியில் ஜாம்ஷெட்பூரை வென்றது. அரை இறுதியில் ஈஸ்ட் பெங்காலையே இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. மூன்று வயதுக் குழந்தை நூற்றாண்டு கடந்த கிழவரைக் கீழே தள்ளிவிட்டது! இறுதிப் பந்தயத்தில் வடகிழக்கு யுனைடெட் அணியிடம் ஆறுக்கு ஒன்று என்று மறுபடியும் பலத்த அடி. இரண்டு பெருந்தோல்விகள், நடுவே ஒரு பெரும் வெற்றி. சிறிய அணியின் பருவம் என்றால் அது இப்படித்தான் இருக்கும். அடிகளை ஏற்கச் சித்தமாயிராதவனுக்கு அந்த நடுநாள் கிடைப்பதில்லை.

வென்ற வடகிழக்கு யுனைடெட் அணியின் கதையும் கேட்கத் தக்கது. 2014-ல் தோன்றிய அந்த அணி பத்து ஆண்டுகள் ஒரு கோப்பையும் பெறாமல் காத்திருந்தது. 2024 டூரண்ட் இறுதிப் பந்தயத்தில், கல்கத்தாவில், மோகன் பகானின் சொந்தக் கூட்டத்துக்கு நடுவே, பாதி ஆட்டம் முடிகையில் இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்தது. பிறகு இரண்டையும் ஈடு செய்து, பெனால்டி உதைகளில் வென்று, தன் முதல் கோப்பையைத் தூக்கியது. மறு ஆண்டும் அதுவே வென்றது. நேற்றைய சிறிய அணிதான் இன்றைய பெரிய அணி. இடையில் இருந்தது திறந்த வாசல் ஒன்றுதான்.

இவ்வளவும் சொல்லும்போது தில்லிவாசிக்கு ஓர் ஏக்கம் எழாமற் போகாது. டூரண்ட் கோப்பை இன்று நம்மிடம் இல்லை. 2016-ம் ஆண்டு அம்பேத்கர் மைதானத்தில் நடந்த இறுதிப் பந்தயத்தில், ராணுவத்தின் ஆர்மி கிரீன் அணி இம்பாலிலிருந்து வந்த நெரோகா அணியைப் பெனால்டி உதைகளில் வென்றது. இரண்டுமே பெரும் புகழ் இல்லாத அணிகள். அதன் பின்னர் இரண்டு ஆண்டுகள் போட்டி நடைபெறவில்லை. 2019-ல் மீண்டும் தொடங்கியபோது அது கல்கத்தாவுக்குப் போய்விட்டது. அங்கே கூட்டம் திரள்கிறது, கொண்டாடுகிறார்கள். மகள் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டாள் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனாலும் மைதானம் இங்கேயே இருக்கிறது. சிறிய அணிகளும் இங்கே வந்துகொண்டுதான் இருக்கின்றன. இந்திய விமானப் படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான சுப்ரதோ முகர்ஜியின் விருப்பத்தால் 1960-ல் தொடங்கப்பட்டது பள்ளிகளுக்கான சுப்ரதோ கோப்பை. அதே ஆண்டில் அவர் டோக்கியோவில் காலமானார். கோப்பை அவர் பெயரைத் தாங்கி வாழ்கிறது. 2012 முதல் சிறுமியருக்கும் அதில் தனிப் பிரிவு உண்டு. மாநிலந்தோறும் வென்ற பள்ளிகள் வந்து ஆடும் போட்டி இது. 2025-ல் பதினேழு வயதுக்குட்பட்ட மாணவர் பிரிவில் கோழிக்கோட்டின் ஃபரூக் மேல்நிலைப் பள்ளி வென்றது. கால்பந்தில் ஊறிய கேரளத்துக்கு அக்கோப்பை அதுவே முதல் தடவை என்றால், நேயர்கள் நம்ப மாட்டீர்கள். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியிலும் இதே தர்மம்தான்: நாட்டை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்திலும் முன்னிற்பவர்களை அகில இந்தியச் சுற்றுக்கு அழைக்கிறார்கள். யாருடைய பெயர் பெரிது என்று எந்தக் குழுவும் கேட்பதில்லை.

லக்ஷ்மிபாய் நகரில் வசிக்கும் நமக்கு இந்த தர்மத்தின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலியிலும் தஞ்சையிலும் சேலத்திலும் சிற்றூர்ப் பள்ளிகளில் படித்தவர்கள், சர்க்கார் பரீட்சை என்ற பொது வாசல் ஒன்று திறந்திருந்த காரணத்தால் அல்லவா இந்தத் தலைநகருக்கு வந்தார்கள்? "உன் ஊர் பெரிய ஊரா, உன் கல்லூரி பெயர் பெற்ற கல்லூரியா" என்று அந்தப் பரீட்சை கேட்டிருந்தால், இக்குடியிருப்பில் மார்கழிக் கோலங்கள் இத்தனை விழுந்திருக்குமா? சிறிய அணிக்காகக் கை தட்டும்போது நாம் நம் பெற்றோருக்காகவே கை தட்டுகிறோம்.

ஆகவே இவ்வாண்டு அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். சுப்ரதோ கோப்பைப் பந்தயங்கள் நடக்கும்போது ஒரு நாளாவது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அம்பேத்கர் மைதானத்துக்குச் செல்லுங்கள். ஐ.என்.ஏ. நிலையத்தில் மெட்ரோ ஏறி, மத்தியச் செயலகத்தில் வண்டி மாறினால், தில்லி கேட் நிலையத்திலிருந்து நடந்துவிடும் தூரந்தான். அங்கே இரண்டு பள்ளிகள் ஆடும். ஒன்றுக்குக் கை தட்ட ஆட்கள் இருப்பார்கள். மற்றொன்று மூன்று நாள் ரயிலில் வந்த பள்ளியாக இருக்கலாம். அதன் பிள்ளைகள் கோல் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், படிகளில் அவர்களுடைய பாஷை பேசுகிறவர் ஒருவரும் இருக்க மாட்டார்கள். நம் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியின் மாணவர்கள் ஒரு வரிசை அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரவாரித்தால், அந்தப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய பலம்!

அவர்கள் வெல்வார்கள் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை, பெரும்பாலும் தோற்பார்கள். ஆனால் அவர்கள் அங்கே வந்து நிற்பதற்கு ஒரு வாசல் இருந்தது என்பதையும், அது திறந்தே இருக்க வேண்டுமென்று கேட்பது ரசிகனின் கடமை என்பதையும் நம் பிள்ளைகள் அன்றைக்குக் கற்றுக்கொள்வார்கள்.